லிட்டில் டோக்கியோ பண்பாட்டு மையம்: வேடிக்கை பார்க்காமல் உள்ளே நுழைவதற்கு ஒரு முழு வழிகாட்டி

லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றக் கட்டடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜப்பானிய அமெரிக்கர்களின் பழைய பகுதியான லிட்டில் டோக்கியோ இருக்கிறது. அதன் சான் பெட்ரோ தெருவில் 244ஆம் எண் கட்டடம்தான் ஜப்பானிய அமெரிக்கப் பண்பாட்டு, சமூக மையம். எல்லோரும் ஜேஏசிசிசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஐந்து மாடிக் கட்டடம், ஓர் அரங்கம், ஒரு பெரிய முற்றம், ஒரு தோட்டம். இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். சுற்றுலாவாகப் போனால் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் ராமென் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

அப்படிப் போய்விட்டு வந்தவர்களிடம் கேட்டால் "ஒன்றும் பெரிதாக இல்லையே" என்பார்கள். பார்வையாளராகப் போனால் அப்படித்தான் தெரியும். இந்த மையம் தன்னார்வலர்களின் உழைப்பில் நிற்கிறது. நாற்காலி போடுகிறவர், அரிசி ஊறவைக்கிறவர், நடனம் சொல்லித் தருகிற பாட்டி, தோட்டத்தில் இலை பொறுக்குகிற தாத்தா ஆகியோரோடு சேர்ந்து ஒரு வேலை செய்தால்தான் ஜப்பானியப் பண்பாடு அங்கே எப்படி உயிரோடு இருக்கிறது என்று புரியும். அந்த வேலைகளில் பல எல்லோருக்கும் திறந்தவை. ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை.

தென் கலிபோர்னியாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், பிள்ளைகளோடு சில மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று ஊரிலிருந்து போகும் பெற்றோர்களுக்கும் இதை எழுதுகிறேன். வாரநாளில் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் அப்பா அம்மாக்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்த நகரத்தில் குறைவு.

படி 1: போவதற்கு முன்னால் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிவிட்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள். அங்கே காணும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இது இருக்கிறது.

1880களில் கப்பல் வேலையை விட்டு வந்த ஒரு ஜப்பானியர் கிழக்கு முதல் தெருவில் உணவகம் திறந்தார். அதைச் சுற்றி விடுதிகள், கடைகள், கோவில்கள் வந்தன. வந்தவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அன்றைக்கு ஜப்பானில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியவில்லை. 1913ல் கலிபோர்னியாவில் நிலம் வாங்கவும் தடை வந்தது. 1924ல் ஜப்பானிலிருந்து குடியேறும் வழியே அடைபட்டது. ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறையை இஸ்ஸெய் என்பார்கள். அமெரிக்காவில் பிறந்த அவர்கள் பிள்ளைகள் நிஸெய். பேரப்பிள்ளைகள் சான்ஸெய். மையத்தில் யாரோடு பேசினாலும் இந்த மூன்று சொற்களும் வந்துகொண்டே இருக்கும். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1941 டிசம்பர் 7ஆம் தேதி ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. அன்றிலிருந்தே கைதுகள் தொடங்கின. முதலில் பிடிபட்டவர்களில் புத்த பிக்குகள், ஜப்பானிய மொழி ஆசிரியர்கள், கெண்டோ என்னும் வாள்கலை கற்றுத் தந்தவர்கள் இருந்தார்கள். பண்பாட்டைக் கற்றுத் தந்ததே சந்தேகத்துக்குக் காரணமானது. பயந்துபோன குடும்பங்கள் வீட்டிலிருந்த கடிதங்கள், புத்தகங்கள், பொம்மைகள், ஜப்பானியச் சாயல் உள்ள எதையும் எரித்தார்கள், மண்ணில் புதைத்தார்கள். 1942 பிப்ரவரி 19ஆம் தேதி குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 பேரைப் பத்து முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுபோகலாம் என்பது விதி.

லிட்டில் டோக்கியோ காலியானது. தெற்கு மாநிலங்களிலிருந்து போர்க்கால வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் அங்கே குடியேறினார்கள். அந்தச் சில வருடங்களில் அந்தப் பகுதிக்கு பிரான்ஸ்வில் என்று பெயர். போர் முடிந்து முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் மறுபடி கடை திறந்தார்கள். 1950களில் காவல்துறைத் தலைமையகம் கட்டுவதற்காக ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

இத்தனைக்கும் பிறகு நிஸெய் பெற்றோர்கள் பலர் பிள்ளைகளை முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் வளர்த்ததில் வியப்பில்லை. முகாமைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார்கள். 1960களின் கடைசியில், 70களில், வளர்ந்து ஆளான சான்ஸெய்கள்தான் கேட்க ஆரம்பித்தார்கள்: நாம் யார், தாத்தா பாட்டி எதை விட்டுக்கொடுத்தார்கள்? அந்தக் காலத்தில்தான், 1971ல், இந்த மையம் அமைப்பாகத் தொடங்கியது. கட்டடம் 1980ல் திறந்தது. 1983ல் சுமார் 880 இருக்கைகள் கொண்ட அரங்கம் வந்தது. இப்போது அது அரத்தானி அரங்கம். மிக்காசா பீங்கான், கென்வுட் ஒலிக்கருவி நிறுவனங்களை உருவாக்கிய ஜார்ஜ் அரத்தானி என்ற நிஸெய்யின் பெயர் அது. அவரும் போரின்போது முகாமில் அடைபட்டவர்.

ஒரு பண்பாட்டைக் கற்றுத் தந்ததற்காகவே மனிதர்களைச் சிறையில் போட்ட அதே நகரத்தில், அதே பண்பாட்டைக் கற்றுத் தர ஒரு கட்டடம் நிற்கிறது. அங்கே ஒரு சாதாரணப் பூ அலங்கார வகுப்பைப் பார்த்தால்கூட எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

படி 2: முதல் நாள் போய்ச் சேருங்கள், அவசரப்படாதீர்கள்

காரை விட்டுவிட்டு மெட்ரோவில் போங்கள். லிட்டில் டோக்கியோ / ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட் நிலையம் 2023 ஜூனில் நிலத்தடி நிலையமாகத் திறந்தது. ஏ, ஈ இரண்டு தடங்களும் அங்கே நிற்கும். யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஏ தடத்தில் ஒரே நிறுத்தம். விழா நாட்களில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டணம் கடிக்கும்.

முதலில் முற்றத்துக்குப் போங்கள். செங்கல் பாவிய அந்தப் பெரிய திறந்தவெளியை வடிவமைத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. நடுவில் இரண்டு பெரிய கருங்கல் பாறைகள், ஒன்று நின்றபடி, ஒன்று கிடந்தபடி. இஸ்ஸெய்களுக்குக் காணிக்கையாக 1983ல் அவர் செய்தது. நொகுச்சி 1904ல் லாஸ் ஏஞ்சலஸில்தான் பிறந்தார். அப்பா ஜப்பானியக் கவிஞர், அம்மா அமெரிக்கர். 1942ல் அவர் நியூயார்க்கில் இருந்ததால் அந்த ஆணை அவரைத் தொடவில்லை. ஆனாலும் அரிசோனாவில் இருந்த போஸ்டன் (Poston) முகாமுக்குத் தானாகவே போனார், அங்கிருப்பவர்களுக்குப் பூங்காவும் விளையாட்டுத் திடலும் அமைத்துக் கொடுக்கலாம் என்று. திட்டங்கள் எதுவும் நடக்கவில்லை. வெளியே வர அனுமதி வாங்கவே மாதக்கணக்கில் ஆனது. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கற்களின் முன் நின்றால் அவை வேறு மாதிரி தெரியும். குழந்தைகள் முற்றத்தில் ஓடி விளையாடுவார்கள், விடுங்கள். அது அதற்கான இடம்தான்.

அடுத்து தோட்டம். ஜேம்ஸ் இர்வின் ஜப்பானியத் தோட்டம் என்று பெயர். செய்ர்யூ-என் என்றும் சொல்வார்கள். முற்றத்தின் மட்டத்திலிருந்து தாழ்வாக இருப்பதால் பலர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். மையக் கட்டடத்துக்குள் போய்க் கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டும். திருமணம், தனி நிகழ்ச்சி இருந்தால் மூடியிருக்கும், எல்லா நாளும் திறந்திருக்காது. அதனால் புறப்படும் முன் மையத்தின் இணையதளத்தில் நேரம் பார்த்துவிடுங்கள். முன்மேசையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதும் நல்லது.

பரப்பு 8,500 சதுர அடிதான். ஆனால் அதற்குள் 170 அடி நீளத்துக்கு ஓர் ஓடை வளைந்து வளைந்து போகிறது. வடிவமைத்தவர் தக்கேயோ உயெசுகி என்ற நிலவடிவமைப்புப் பேராசிரியர். ஓடையை மேலிருந்து கீழாகப் பின்தொடருங்கள், திருப்பிப் போகாதீர்கள். முதலில் அருவி, ஆர்ப்பாட்டமாக விழும்; இஸ்ஸெய்களின் பாடு அது. பிறகு நீர் இரண்டாகப் பிரியும். போர்க்காலத்தில் இரண்டு நாடுகளுக்கு இடையே நின்ற நிஸெய்களின் நிலை. கடைசியில் ஒன்றுசேர்ந்து அமைதியான குளமாகும். சான்ஸெய்களுக்கும் அடுத்து வருகிறவர்களுக்கும். 1981ல் இந்தத் தோட்டத்துக்குத் தேசிய அளவில் நிலவடிவமைப்பு விருது கிடைத்தது.

யார் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் முக்கியம். தென் கலிபோர்னியத் தோட்டக்காரர் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து வேலை செய்தார்கள். போருக்குப் பிறகு படித்த வேலைகள் கிடைக்காமல், அடுத்தவர் வீட்டுப் புல்வெட்டிப் பிழைத்த தலைமுறை அது. வாழ்நாளெல்லாம் பிறர் தோட்டங்களைப் பராமரித்தவர்கள் தங்கள் மக்களுக்கென்று கட்டிய தோட்டம் இது. குளத்தருகே பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.

அன்றைக்கு இன்னும் நேரம் இருந்தால் முதல் தெருவுக்கு நடந்து போய் ஜப்பானிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தின் பழைய கட்டடத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள். 1925ல் நிஷி ஹொங்வாஞ்சி கோவிலாகக் கட்டியது அது. முகாமுக்குப் போகிறவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை அங்கே பூட்டிவைத்துவிட்டு, அதன் வாசலில்தான் பேருந்து ஏறினார்கள். அருங்காட்சியகம் 1992ல் திறந்தது.

படி 3: எந்த மாதம் எதற்குப் போவது என்று முடிவு செய்யுங்கள்

மையத்தை ஆண்டு முழுக்க ஒரே மாதிரி நினைக்காதீர்கள். விழா இல்லாத வாரநாளில் அங்கே அலுவலகங்களும் வகுப்புகளும்தான் நடக்கும். பல சமூக அமைப்புகளுக்கு அந்தக் கட்டடத்தில்தான் அலுவலகம். உங்களுக்கு எது ஒத்துவரும் என்று பாருங்கள்.

ஜனவரி புத்தாண்டு மாதம். ஜப்பானியர்கள் ஆங்கிலப் புத்தாண்டு நாளையே ஒஷொகாட்சு என்று கொண்டாடுகிறார்கள். ஜனவரி முதல் தேதி லிட்டில் டோக்கியோ முழுக்கக் கூட்டம். மையமும் அந்த மாதத்தில் கொதொஹாஜிமே என்று ஆண்டின் முதல் கலை நிகழ்ச்சியை நடத்தும். தூரிகையால் ஆண்டின் முதல் எழுத்தை எழுதும் ககிசொமே வழக்கமும் உண்டு. விஜயதசமி அன்று அரிசியில் எழுதவைத்த நம் குழந்தைகளைக் கூட்டிப்போனால் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

மே மாதம் குழந்தைகள் நாள். மே 5ஐ ஒட்டி வரும் வார இறுதியில் முற்றத்தில் கெண்டைமீன் வடிவத் துணிக்கொடிகள் பறக்கும். செய்தித்தாளை மடித்துச் சாமுராய் தலைக்கவசம் செய்யக் கற்றுத் தருவார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் முதல் முறை போக இதுவே சரியான நாள்.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஒபோன். இதற்குத் தனிப் படியே வைத்திருக்கிறேன்.

ஆகஸ்டில் நிஸெய் வாரம். 1934ல் தொடங்கியது. பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலத்தில், ஆங்கிலம் பேசும் இளைய தலைமுறையை மறுபடி லிட்டில் டோக்கியோ கடைகளுக்கு இழுக்க வணிகர்கள் போட்ட திட்டம் அது. போரால் நின்று, 1949ல் மறுபடி தொடங்கி, இன்றைக்கும் ஊர்வலத்தோடு நடக்கிறது. அதோடு சேர்ந்து 2009 முதல் தனபாட்டா விழாவும்; ஆளுயரத்துக்கு மேலான காகிதத் தோரணங்கள் தொங்கும். அந்தத் தோரணங்களைக் கோடையில் குழுக்களாகச் சேர்ந்து கையால் செய்வார்கள். உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஒரு குழுவாகச் சேர்ந்து செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

டிசம்பரில் மோச்சி இடிப்பு. இதையும் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மையத்தின் இணையதளம் போக, 1903ல் தொடங்கிய ராஃபு ஷிம்போ செய்தித்தாளின் ஆங்கிலப் பக்கங்களில் அறிவிப்புகள் வரும்.

படி 4: ஒபோன் நடனத்துக்குள் கால் வையுங்கள்

ஒபோன் முன்னோர்களை நினைக்கும் நாள். இதன் மூலக்கதை புத்தர் காலத்து இந்தியாவில் நடப்பது. புத்தரின் சீடர் மொக்கல்லானர் தன் ஞானக்கண்ணால் பார்க்கிறார்: இறந்துபோன தாய், பசித்த பேயாகத் தவிக்கிறாள். புத்தர் சொன்னபடி பிக்குகளுக்குத் தானம் கொடுக்கிறார். தாய் விடுதலை அடைகிறாள். அந்த ஆனந்தத்தில் அவர் ஆடினாராம். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வரும் நமக்கு முன்னோரை நினைக்கும் நாளில் கூத்தும் கும்மாளமும் முதலில் வியப்பாகத்தான் இருக்கும். அது துக்க நாள் அல்ல. போனவர்களுக்கு நன்றி சொல்லி ஆடும் நாள்.

லிட்டில் டோக்கியோவுக்குள்ளேயே நிஷி ஹொங்வாஞ்சி, ஹிகாஷி ஹொங்வாஞ்சி, ஜென்ஷூஜி, கோயாசான் என்று பல கோவில்கள் உண்டு. தென் கலிபோர்னியக் கோவில்கள் ஒன்றோடொன்று மோதாமல் வெவ்வேறு வார இறுதிகளில் ஒபோன் வைப்பதால், ஒன்று தவறினால் இன்னொன்று கிடைக்கும்.

செய்ய வேண்டிய முறை இதுதான்.

விழாவுக்குச் சில வாரம் முன்பே மாலை நேரங்களில் நடனப் பயிற்சி நடக்கும். இலவசம், யாரும் வரலாம். அதற்குக் கட்டாயம் போங்கள். விழா அன்று நேராகப் போய் ஆடுவதைவிட, பயிற்சியில் நாலு பேரைத் தெரிந்துகொண்டு போவது முற்றிலும் வேறு அனுபவம். நடுவில் யகுரா என்ற மேடை இருக்கும், அதைச் சுற்றி வட்டமாக ஆடுவார்கள். தெரிந்தவர்கள் உள்வட்டத்தில். புதியவர்கள் வெளிவட்டத்தில் நின்று உள்ளே பார்த்து ஆட வேண்டும். யாராவது ஒரு வயதான அம்மாவைத் தேர்ந்தெடுத்து அவர் கையையே பாருங்கள். காலைப் பார்த்தால் குழம்பும்.

முதலில் கற்க வேண்டியது தான்கோ புஷி. கியூஷு தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பாட்டு அது. அசைவுகள் எல்லாம் வேலைதான்: மண்வெட்டியால் தோண்டு, தோளுக்குப் பின்னால் வீசு, நெற்றியில் கைவைத்துப் பார், தள்ளுவண்டியைத் தள்ளு, கையை விரி, தட்டு. இரண்டு சுற்று வந்தால் பழகிவிடும். கும்மி ஆடியவர்களுக்கு ஒரு சுற்றே போதும்.

உடை பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. யுகாத்தா என்ற பருத்தி அங்கி கிடைத்தால் அணியலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், மகிழ்வார்கள். ஆனால் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு. முன்னோரை நினைக்கும் விழாவில் அந்தப் பிழை வேண்டாம். யுகாத்தா இல்லையென்றால் பருத்திச் சேலை, சுடிதார், சட்டை எதுவும் சரி. தரையில் நழுவாத செருப்பு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: மோச்சி இடிக்க வாருங்கள்

எனக்கு ஆண்டிலேயே பிடித்த நாள் இது. மோச்சிட்சுகி என்பார்கள். புத்தாண்டுக்கு முன் டிசம்பரில் கோவில்களும் சமூக அமைப்புகளும் கூட்டமாகச் சேர்ந்து பசையரிசியை இடித்து மோச்சி செய்யும் நாள். இயந்திரம் வைத்து நொடியில் செய்யலாம்தான். பல இடங்களில் பெரும்பகுதியை இயந்திரத்தில் அரைத்துவிட்டு, சடங்குக்காகச் சில ஈடு மட்டும் கையால் இடிக்கிறார்கள். கையால் இடிக்கும் இடமாகத் தேடிப் போங்கள்.

அரிசி முதல் நாள் இரவே ஊறும். அதிகாலையில் அதை வடித்து, செய்ரோ என்ற மரச்சட்டங்களில் போட்டு ஆவியில் வேகவைப்பார்கள். தன்னார்வலர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தால், அதிகாலை நேரத்துக்கே பெயர் கொடுங்கள். கூட்டம் வருவதற்கு முந்தைய அந்த நேரத்தில்தான் பெரியவர்கள் வாய்திறந்து பேசுவார்கள்.

இடிக்கும் கருவிகள் நம் உரலும் உலக்கையும்போலத்தான், உலக்கை மட்டும் நெட்டாக இல்லாமல் சம்மட்டி வடிவில் இருக்கும். உரல் உசு, சம்மட்டி கினே. கினேயின் தலையைத் தண்ணீரில் ஊறவைத்திருப்பார்கள், ஒட்டாமலும் சிம்பு தெறிக்காமலும் இருக்க. உசுவை வெந்நீர் ஊற்றிச் சூடாக்குவார்கள்.

வெந்த அரிசி விழுந்ததும் உடனே ஓங்கி அடிக்கக் கூடாது, அரிசி சிதறிவிடும். முதலில் கினேயை அழுத்தி அழுத்தி, உரலைச் சுற்றி நடந்தபடி நசுக்க வேண்டும். பருக்கை மசிந்து உருண்டு திரண்ட பிறகுதான் இடி. ஒருவர் இடிக்க, இன்னொருவர் ஈரக்கையால் அடிக்கடி மாவைப் புரட்டிவிடுவார். தாளம் வைத்திருப்பவர் புரட்டுகிறவர்தான். அவர் கை வெளியே வந்த பிறகே அடி இறங்க வேண்டும். "யொய்ஷோ!" என்று சுற்றிலும் இருப்பவர்கள் கத்துவது உற்சாகத்துக்கு மட்டுமல்ல, அந்தத் தாளம் தவறாமல் இருக்கவும்தான். நடுவில் அடியுங்கள். உரலின் விளிம்பில் பட்டால் மரச்சிம்பு மாவில் விழும், அந்த ஈடே வீணாகிவிடும். பலத்தைக் காட்ட வேண்டாம். கினேயின் எடையே இறங்கிவிடும். புதியவர்கள் பத்து அடி அடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பது மரியாதை.

இடித்த மாவு மாவுப்பொடி தூவிய மேசைக்குப் போகும். அங்கே உட்காருவதுதான் உண்மையான கல்வி. ஒரு பெரியவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சுடச்சுடப் பிதுக்கிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் ஓரத்தை அடியில் மடித்து உருட்டுவார்கள். ஆறினால் உருட்ட வராது, ஆகவே பேச்சும் வேகமும் சேர்ந்தே நடக்கும். கொழுக்கட்டை பிடித்த கை உங்களுக்கு இருந்தால் அவர்கள் கவனித்துவிடுவார்கள். பெரிய உருண்டை, அதன்மேல் சிறிய உருண்டை, உச்சியில் ஒரு ஆரஞ்சு: இது ககாமி மோச்சி, புத்தாண்டுக்கு வீட்டில் வைப்பது. ஜனவரி 11ஐ ஒட்டி அதை உடைத்துச் சாப்பிடுவார்கள்.

புது மோச்சியைக் கினாகோ என்ற வறுத்த சோயா மாவும் சர்க்கரையும் புரட்டி அங்கேயே சாப்பிடுங்கள். ஆனால் சிறு துண்டாகக் கடித்து, நன்றாக மென்று. தொண்டையில் சிக்கினால் ஆபத்து. ஜப்பானில் ஒவ்வொரு புத்தாண்டும் முதியவர்கள் இதனால் இறக்கிறார்கள். உங்களோடு வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கத்தரியால் பொடிப்பொடியாக வெட்டிக் கொடுங்கள், பக்கத்தில் தண்ணீரோ தேநீரோ இருக்கட்டும். கட்டிக்கொண்டு போனதை மறுநாளே உறையவையுங்கள். இல்லாவிட்டால் கெட்டியாகிவிடும், பூஞ்சையும் பிடிக்கும்.

படி 6: ஒரே ஒரு கலையைத் தேர்ந்தெடுங்கள்

மையத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பூ அலங்காரம், தேநீர்ச் சடங்கு, தூரிகை எழுத்து, தற்காப்புக் கலைகள், தைக்கோ முரசு என்று பலவும் கற்கலாம். எல்லாவற்றையும் ஒரு வாரம் தொட்டுப் பார்ப்பது வீண். ஒன்றை எடுத்து ஓர் ஆண்டு இருங்கள்.

பெற்றோர்களுக்கு இகெபானா என்னும் பூ அலங்காரத்தைச் சொல்வேன். உட்கார்ந்தபடி செய்யலாம், மொழி அதிகம் தேவையில்லை. இகெனொபோ, ஒஹாரா, சொகெட்சு என்று மரபுகள் உண்டு. இகெனொபோ மிகப் பழையது, கட்டுப்பாடு மிக்கது. சொகெட்சு 1927ல் தோன்றியது, பூவோடு கம்பியும் காய்ந்த கட்டையும்கூட வைக்கலாம். தேநீர்ச் சடங்குக்கு முழங்காலிட்டு உட்கார வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலி உண்டா என்று முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள்.

பிள்ளைகளுக்கு தைக்கோதான். அமெரிக்காவில் தைக்கோ வளர்ந்த கதையில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1969ல் சென்ஷின் புத்தக் கோவிலில், ஒபோன் முடிந்து முரசை எடுத்து வைக்க வந்த சிலர் அதைத் தட்ட ஆரம்பித்து நிறுத்தவே முடியாமல் போனதில் கின்னரா தைக்கோ குழு பிறந்தது. ஜப்பானிலிருந்து முரசு வரவழைக்கப் பணம் இல்லை. மது பீப்பாய்களை வாங்கி, மாட்டுத்தோலை ஊறவைத்து இழுத்துக் கட்டித் தாங்களே முரசு செய்துகொண்டார்கள். இன்று அமெரிக்கா முழுக்கத் தைக்கோ குழுக்கள் பீப்பாய் முரசு அடிக்கின்றன. குழு எது என்று தேடும்போது, முரசைத் தாங்களே பழுதுபார்க்கும் குழுவாகப் பாருங்கள். அங்கே உங்கள் பிள்ளை வாசிக்க மட்டும் கற்காது, தோல் கட்டவும் கற்கும்.

படி 7: சாப்பாட்டு விஷயம், சைவர்களுக்கு

விழாவில் விற்கும் உதோன் என்ற தடித்த நூடுல்ஸ், மிசோ சூப் எல்லாம் காய்கறி மட்டும் மிதந்தாலும் சாறு மீனில் எடுத்தது. தாஷி என்ற அந்தச் சாறு, உலர்ந்த போனிட்டோ மீனிலிருந்து வருவது. இனாரி சுஷியின் பொரித்த தோஃபுவையும் பலர் அதில்தான் வேகவைப்பார்கள். "இறைச்சி உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், மீன்சாறு கணக்கில் வராது. "தாஷியில் மீன் உண்டா?" என்று நேராகக் கேளுங்கள்.

பயமில்லாமல் சாப்பிட நிறைய இருக்கிறது: வேகவைத்த எடமாமே என்ற பச்சை சோயா, கினாகோ மோச்சி, சிவப்புப் பயறு பூரணம் வைத்த இனிப்புகள். முதல் தெருவில் 1903 முதல் ஒரே குடும்பம் நடத்தும் ஃபுகெட்சு-டோ கடையில் மோச்சியும், மஞ்சு என்ற பூரண இனிப்பும் வாங்குங்கள். முட்டை, ஜெலட்டின் சேர்ந்த வகை எது என்று கேட்டுக்கொண்டால் போதும்.

படி 8: பெயர் கொடுத்து வேலை எடுங்கள்

முதல் விழா முடிந்ததும் மையத்தின் தன்னார்வலர் படிவத்தை நிரப்புங்கள். "எதற்கும் தயார்" என்று எழுதாமல் எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன தெரியும் என்று குறிப்பாக எழுதுங்கள். மேசை நாற்காலி தூக்குதல், வழிகாட்டுதல், குழந்தைகள் கைவேலை மேசை, விழா முடிந்த பின் துப்புரவு. இவற்றுக்குத்தான் எப்போதும் ஆள் பற்றாக்குறை. துப்புரவுக்கு நின்றவரை அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பழகும் விதம் பற்றிச் சில சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போங்கள். பாய் விரித்த அறைக்கு முன் செருப்பைக் கழற்றி, முனை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வையுங்கள். கோவிலிலும் வகுப்பிலும் படம் எடுக்கும் முன் கேளுங்கள். வீட்டுக்கு யாராவது அழைத்தாலோ ஆசிரியரைப் பார்க்கப் போனாலோ வெறுங்கையோடு போகாதீர்கள். சின்ன இனிப்புப் பெட்டி போதும். நம் ஊர் மைசூர்பாகுக்கு அங்கே நல்ல வரவேற்பு உண்டு.

முகாம் பற்றி முதல் சந்திப்பிலேயே கேட்காதீர்கள். அங்கே குழந்தையாக இருந்தவர்கள் இன்று மிகவும் முதியவர்கள். சிலர் பள்ளிகளில் போய்ச் சொல்வார்கள், சிலர் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. உருட்டும் மேசையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர்களாகச் சொன்னால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். 1983ல் யாழ்ப்பாணத்தையோ கொழும்பையோ விட்டுக் கிளம்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றால், உங்கள் கதையையும் சொல்லலாம். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்களுக்கு அது விளங்கும்.

கடைசியாகப் பணம். உறுப்பினராகச் சேருங்கள், முடிந்த தொகை போதும். அதோடு லிட்டில் டோக்கியோவின் பழைய சிறு கடைகளில் செலவழியுங்கள். வாடகை ஏற்றத்தாலும் சுற்றி எழும் கட்டுமானங்களாலும் 2024ல் அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை இந்தப் பகுதியை நாட்டின் மிக ஆபத்திலுள்ள 11 இடங்களில் ஒன்றாக அறிவித்தது. மையம் எப்படியாவது தாக்குப்பிடிக்கலாம். சுற்றியுள்ள கடைகள் போய்விட்டால் விழாவுக்கு வருகிறவர்கள் எங்கே சாப்பிடுவார்கள், யுகாத்தா எங்கே வாங்குவார்கள்? முற்றத்தில் நிகழ்ச்சி முடிந்ததும் நேராக ரயில் ஏறாமல், முதல் தெரு வழியாக ஒரு சுற்று நடந்து, ஏதாவது ஒரு கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள்.